அந்த 312 டேப்புகளும் எங்கும் போய்விடவில்லை

வாசகர் கடிதம்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை வட்டாரத்திலிருந்து 41 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். நோட்டுத் தாளில் ஆறு பக்கக் கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவர் சவுதியில். வீட்டில் மாமிக்கு நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு. மகன் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறான். வீட்டுக்கு மாடி எடுக்கும் வேலை பாதியில் நிற்கிறது. இவரோ தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே ஆசிரியர் தகுதித் தேர்வுக்கும் படிக்கிறார். இத்தனைக்கும் வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். ஒன்றைத் தேடும்போது இன்னொன்று கண்ணில் படும். "அப்புறம் பார்த்துக்கொள்வோம்" என்று பிரவுசரில் திறந்தபடியே விட்டுவிடுவார். அப்படித் திறந்தபடி நிற்கும் பக்கங்கள், அதாவது டேப்புகள், 312 சேர்ந்துவிட்டன. தலைப்பு தெரியாமல், மேலே வெறும் கோடு கோடாக நிற்குமாம். வேண்டியது கிடைக்காது. மறுபடியும் கூகுளில் தேடி அதே பக்கத்தைப் புதிதாகத் திறப்பார்.

ஜூன் மாதம் ஒரு மழை இரவில் கரண்ட் போனது. பழைய பேட்டரி, லேப்டாப்பும் அணைந்துவிட்டது. மறுநாள் மகன் அதை ஆன் செய்தபோது, பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரவா என்று பிரவுசர் கேட்டிருக்கிறது. அவன் அதை மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். மாலையில் இவர் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் ஒரே ஒரு டேப். மகனை அடித்துவிட்டார். "செத்த வீட்டில் அழுவதுபோல் அழுதேன்" என்று எழுதியிருக்கிறார். மகன் நான்கு நாளாகப் பேசவில்லை. அன்று இரவே உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கி, கடிதம் எழுதும்போது 87 ஆகியிருக்கிறது. அந்த 87-ன் பட்டியலையும் கைப்பட எழுதி இணைத்திருக்கிறார்.

கணவர் போனில், "உனக்குப் பைத்தியம், எல்லாத்தையும் மூடு" என்கிறார். உடன் வேலை பார்க்கும் ஒருவர் இது ஓசிடி என்கிறார், இன்னொருவர் ஏடிஎச்டி (கவனக் குறைபாட்டுக் கோளாறு) என்கிறார். இது நோயா, மாத்திரை வேண்டுமா, 60,000 ரூபாயில் புது லேப்டாப் வாங்கினால் சரியாகுமா, போனவை திரும்பக் கிடைக்குமா? இவைதான் கேள்விகள்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு நாள் கணக்கு இருக்கிறது. நீங்கள் பார்த்த பக்கங்கள் தொலையவில்லை. நீங்கள் பயன்படுத்துவது குரோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போன பக்கங்களின் பட்டியலை அது ஹிஸ்டரியில் 90 நாள் வரை வைத்திருக்கும். கன்ட்ரோல் பட்டனையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பக்கத்தின் மேலே தேடும் கட்டம் இருக்கும். அதில் நினைவில் இருக்கும் ஒரு சொல்லைத் தட்டினால் போதும். மகன் ஹிஸ்டரியை அழித்திருந்தாலோ, பார்த்ததைப் பதிந்துவைக்காத இன்காக்னிட்டோ ஜன்னலில் நீங்கள் பார்த்திருந்தாலோ மட்டும்தான் கிடைக்காது. கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. 90 நாளைத் தாண்டியவையும் பெரும்பாலும் இணையத்தில் அங்கேயேதான் இருக்கும். உங்கள் வீட்டு லேப்டாப்பில் இருந்தது அந்தப் பக்கத்துக்கான வழி மட்டுமே.

ஆகவே ஞாபகத்திலிருந்து மறுபடி திறக்கும் வேலையை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

சரி, இது நோயா? கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சொல்வது முறையில்லை. ஆனால் உங்கள் மேல் மற்றவர்கள் ஒட்டிய பெயர்களைப் பற்றிச் சொல்லலாம். ஓசிடி என்றால், வேண்டாம் என்று தள்ளினாலும் விடாமல் மனதுக்குள் நுழையும் எண்ணம், அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல், அதில் தினமும் மணிக்கணக்காகப் போகும் நேரம். நிறைய டேப் வைத்திருப்பது மட்டும் ஓசிடி ஆகாது. பொருள்களைத் தூக்கிப்போட முடியாமல் வீட்டை நிறைத்துவிடும் சேகரிப்புக் கோளாறு என்று ஒன்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-ல் அதைத் தனி நோயாகச் சேர்த்தது. அது பேசுவது கையில் எடுக்கக்கூடிய பொருள்களைப் பற்றி. கணினிக்குள் சேர்ப்பதைத் தனி நோயாக அந்தக் கையேடு சொல்லவில்லை. ஏடிஎச்டி என்றால் அதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நீங்களோ பள்ளிப் பருவத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்ததாக எழுதுகிறீர்கள்.

இந்தப் பழக்கம் உங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2021-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மக்கள் ஏன் டேப்புகளை மூடுவதில்லை என்று கேட்டுப் பார்த்தார்கள். கண்ணை விட்டு மறைந்தால் பிறகு அந்தப் பக்கம் வரவே மாட்டோம் என்ற பயம் பலருக்கு இருந்தது. செய்ய வேண்டியதை நினைவூட்டும் சீட்டாகவே அவர்கள் டேப்பைப் பயன்படுத்தினார்கள். போனில் குரோம் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள், டேப் 99-ஐத் தாண்டினால் எண்ணுக்குப் பதிலாகச் சிரித்த முகக் குறி வந்துவிடும். ஐபோனின் சஃபாரி 500 வரை அனுமதிக்கிறது.

உங்கள் பட்டியலைப் படித்தபோது

அந்த 87 வரிகளை நான் இரண்டு முறை படித்தேன். பென்சிலை எடுத்து ஒரே விஷயத்தைப் பேசும் வரிகளுக்கு ஒரே அடையாளம் போட்டேன். "சிறுநீரக நோயாளி மட்டிப்பழம் சாப்பிடலாமா", "கிட்னிக்கு மட்டிப்பழம் நல்லதா", "வாழைப்பழம் பொட்டாசியம் எவ்வளவு", "ஏத்தன்பழம் கிட்னி". இப்படி வாழைப்பழத்தைப் பற்றியே 11 வரிகள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்ணான கிரியாட்டினின் அளவு எவ்வளவு இருக்கலாம் என்று 9. மொத்தம் 20 டேப், ஆனால் கேள்வி இரண்டுதான்.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் டேப்பிலேயே பதில் இருந்திருக்கும். இருந்தும் மறுநாள் இரவு ஏன் மறுபடி தேடினீர்கள்? டேப் கிடைக்காதது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் பதில் உங்களை அமைதிப்படுத்தவில்லை. மாமி ஆசையாக மட்டிப்பழம் கேட்கிறார், கொடுத்தால் என்ன ஆகுமோ என்று பயம், கொடுக்காவிட்டால் மனக்கஷ்டம். கணவர் பக்கத்தில் இல்லை, முடிவு உங்கள் தலையில். இந்த பயத்துக்கு ஒரு பக்கம் "கொடுக்கலாம்" என்கிறது, மறுபக்கம் "கூடாது" என்கிறது. இரண்டுமே மாமியின் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு எழுதியவை இல்லையே. மாமியின் பொட்டாசியம் அளவைப் பார்த்து, எத்தனை பழம், வாரத்துக்கு எத்தனை முறை என்று சொல்ல வேண்டியவர் அவருடைய மருத்துவர். கிரியாட்டினினும் அப்படித்தான். வயது, உடல்வாகு, மற்ற பரிசோதனைகள் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியும்.

எந்த டேப் எங்கே என்று கண்டுபிடிப்பது ஒரு சிக்கல். அதற்கு வழி சுலபம், கீழே சொல்கிறேன். டேப்பில் பதிலே இல்லாத கேள்விகளை டேப்பில் வைத்திருப்பது இன்னொரு சிக்கல். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

முடிக்காத வேலை மனதை விடாமல் இழுக்கும் என்பது பழைய கவனிப்பு. புளூமா ஸெய்கார்னிக் என்ற உளவியலாளர் பெர்லினில் ஆய்வு செய்து 1927-ல் இதை எழுதினார். முடிந்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலை நன்றாக நினைவில் இருக்கும் என்றார் அவர். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. ஆனால் 2011-ல் மசிகாம்போ, பௌமெய்ஸ்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். வேலையை முடிக்காவிட்டாலும், அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் எழுதிவிட்டாலே அது மனதைத் தொந்தரவு செய்வது குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். திறந்த டேப்பில் தேதி கிடையாது. "எப்போதாவது பார்" என்று மட்டுமே அது சொல்லும். 312 இடத்திலிருந்து அதே குரல் கேட்டால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும்.

மூன்று வழிகள்

கணவர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடலாம். சிலருக்கு அது ஒத்துவரும். ஜூன் மாதம் அதுதான் உங்களுக்கு நடந்தது, அதன் விளைவும் தெரிந்துவிட்டது. நீங்களாக முடிவெடுக்காமல் மூடினால் பயம் கூடத்தான் செய்யும்.

ஒவ்வொன்றாகப் படித்து முடித்து மூடுவது இரண்டாவது. நீங்கள் விடுமுறையில் செய்ய நினைப்பது இதுதான். வேண்டாம். பத்தாவது டேப்பைப் படிக்கும்போது ஐந்து புது டேப் திறந்திருப்பீர்கள்.

நான் சொல்வது மூன்றாவது. கன்ட்ரோல், ஷிப்ட், டி எழுத்து (ஆங்கில எழுத்து வரிசையில் நான்காவது) மூன்றையும் சேர்த்து அழுத்தினால், திறந்திருக்கும் எல்லா டேப்பையும் ஒரே புக்மார்க் ஃபோல்டரில் போட்டுவிடலாம். ஃபோல்டருக்கு அன்றைய தேதியைப் பெயராக வையுங்கள். பிறகு ஜன்னலை மூடுங்கள். ஒன்றுகூடப் போகாது, எதையும் உடனே படிக்கவும் வேண்டாம். தேவைப்பட்டால் அந்த ஃபோல்டருக்குள் தேடலாம். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள், அதில் எத்தனை முறை தேடினீர்கள் என்று.

புது லேப்டாப் இப்போது வேண்டாம். டேப் ஒவ்வொன்றும் நினைவகத்தில் இடம் பிடிக்கும், அதனால்தான் வேகம் குறைகிறது. குரோமின் செட்டிங்ஸில் மெமரி சேவர் என்று ஒன்று உண்டு. வெகுநேரம் தொடாத டேப்புகளை அது தூங்க வைக்கும். அதைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் பேட்டரியை மாற்றுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது, மழையோடு கரண்டும் போகும். உங்களுக்கு இப்போது தேவையான செலவு அது ஒன்றுதான்.

திறந்திருப்பதில் ஒன்றைத் தேடிப் பிடிக்க

கன்ட்ரோல், ஷிப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறந்திருக்கும் டேப்புகள் எல்லாம் முழுத் தலைப்போடு கீழ்நோக்கிய பட்டியலாக வரும், சற்றுமுன் மூடியவையும் அடியில் இருக்கும். "கலந்தாய்வு" என்று தட்டினால் அந்த டேப் மட்டும் நிற்கும். மகன் ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துகிறான் என்கிறீர்கள். அதில் முகவரிப் பட்டையில் சதவீதக் குறியும் ஓர் இடைவெளியும் விட்டுத் தேடினால் திறந்த டேப்புகளுக்குள் மட்டும் தேடும். குரோமின் முகவரிப் பட்டையில் நீங்கள் தட்டும் பக்கம் ஏற்கெனவே திறந்திருந்தால், "ஸ்விட்ச் டு திஸ் டேப்" என்று அதுவே காட்டும். அதைக் கவனித்திருந்தால் அந்த 11 டேப்பில் சில குறைந்திருக்கும். தவறி ஒரு டேப்பை மூடிவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், டீ (இது டீச்சரின் முதல் எழுத்து). உடனே திரும்பி வரும்.

டேப்பின் மேல் வலது கிளிக் செய்தால் குரூப் போடலாம். மாமி, மகன், வீடு, தேர்வு. நான்கு நிறம், நான்கு பெயர், அதற்கு மேல் வேண்டாம். செட்டிங்ஸில் ஆன் ஸ்டார்ட்அப் பகுதியில் "கன்டினியூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்" என்பதைத் தேர்ந்துவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்.

திறந்திருந்தால் பதிவாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி இது: "கலந்தாய்வுப் பக்கம் திறந்தே இருப்பதால் அது ஒரு கவலை இல்லை." சகோதரி, அது கவலைதான். பாதி நிரப்பிய படிவம் டேப்பில் நிற்பதால் எங்கும் பதிவாவதில்லை. இப்படிப்பட்ட தளங்கள் சிறிது நேரம் கழித்து நம்மைத் தாமாகவே வெளியேற்றிவிடும். தூங்க வைத்த டேப்பை எழுப்பினால் பக்கம் புதிதாக ஏறும், நிரப்பியது போயிருக்கலாம். கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியலைக் கொடுத்து உறுதிசெய்ய ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்த நாள்கள்தான் உண்டு. அந்த நாள்களை அடுக்களைக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதுங்கள். வங்கி, மருத்துவக் காப்பீடு, ஆதார் பக்கங்களில் வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்து மூடுங்கள். இவற்றைத் திறந்து வைப்பதில் லாபம் எதுவும் இல்லை, ஆபத்து மட்டும் உண்டு.

பள்ளிக் கணினியிலும் உங்கள் கூகுள் கணக்கோடு குரோமைத் திறப்பதாக ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கின் வழியாக இரண்டு கணினியும் இணைக்கப்பட்டிருந்தால் (சிங்க்) வீட்டில் திறந்த டேப்புகளை அங்கேயும் பார்க்க முடியும். மாமியின் நோய் விவரம் அலுவலக அறையில் யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை. அங்கே கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள்.

மகனைப் பற்றி

அவன் தவறு என்று ஒன்று இருந்தால், ஒரு கேள்விக் கட்டத்தைப் படிக்காமல் மூடியது. அதற்கு 17 வயதுப் பிள்ளையைக் கைநீட்டி அடித்தது சரியில்லை. அது உங்களுக்கே தெரியும், அதனால்தான் ஆறு பக்கத்தில் நான்கு முறை அதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். "நீ மூடினதால்தானே" என்ற காரணம் எதுவும் சேர்க்காமல் மன்னிப்புக் கேளுங்கள். "மக்களே, அம்மா அடிச்சது தப்பு." அவ்வளவு போதும். அவன் உடனே பேசாவிட்டால் பரவாயில்லை, பின்னாலேயே போய்ப் பதில் கேட்காதீர்கள்.

பிறகு, கலந்தாய்வு டேப்புகளை அவனிடமே ஒப்படையுங்கள். உங்கள் பட்டியலில் 23 வரிகள் அவனுடைய கல்லூரிகளைப் பற்றியவை. அவன் படிக்கப்போகும் கல்லூரி அது. அவன் பார்த்து, ஒப்பிட்டு, உங்களிடம் சொல்லட்டும். லேப்டாப்பில் அவனுக்கென்று தனி யூசர் கணக்கும் போட்டுக் கொடுங்கள். உங்கள் ஜன்னலை அவன் மூட வேண்டியிருக்காது, அவன் பார்ப்பதை நீங்கள் பார்க்கவும் வேண்டியிருக்காது.

கணவரிடம் மாடி வேலையின் டேப்புகளை அனுப்புங்கள். கம்பி விலையும் ஓடு விலையும் சவுதியிலிருந்தும் பார்க்கலாம். "பைத்தியம்" என்ற சொல்லுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. இந்த வீட்டில் நான்கு பேரின் வேலையை ஒருத்தியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், இதில் உங்கள் பங்கு இது என்று அந்தப் பட்டியலை அனுப்பினால் போதும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டுமா

பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். டேப் எண்ணிக்கைக்காக இல்லை. மூன்று மாதமாக ஒன்றரை மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்திருக்கிறீர்கள். பாடம் நடத்தும்போதே கண் கலங்குகிறது, சின்ன விஷயத்துக்குக் கை ஓங்குகிறது என்கிறீர்கள். இவை தொடர்ந்தால் பதற்றமோ மனச்சோர்வோ இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். மாத்திரை வேண்டுமா என்பதைப் பார்த்த பிறகு மருத்துவர் சொல்வார். பலருக்குப் பேச்சு ஆலோசனையே போதுமானதாக இருக்கிறது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வெளியே போக நேரம் இல்லையென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பள்ளிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும்படி கேட்கும் உரிமையை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தருகிறது.

வரும் சனிக்கிழமை காலை, மாமிக்குச் சாயா கொடுத்துவிட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு ஒரு வேலை. பக்கத்தில் யார், எந்தத் தேதி. தேதி போட முடியாத வரி இருந்தால் அது வேலை இல்லை, ஆசை அல்லது பயம். அவற்றைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். மட்டிப்பழமும் கிரியாட்டினினும் முதல் பக்கத்திலேயே வரட்டும், "டாக்டரிடம் கேட்க வேண்டியவை" என்ற தலைப்பில். உங்கள் பட்டியலில் அவற்றுக்கு 20 டேப்புகள் இருந்தன, மாமியை அடுத்து எப்போது மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பது மட்டும் எங்கும் இல்லை. மருத்துவமனைச் சீட்டை எடுத்துப் பார்த்து, அந்தத் தேதியை முதல் வரியில் எழுதுங்கள்.